கடுதாசி இருந்தால் கடற்படை, இல்லாவிட்டால் கொள்ளையன்

'ஒன் பீஸ்' படிக்கிற பத்துப் பேரை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வையுங்கள். டீ ஆறுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும். ஜோரோவா, மிஹாக்கா? அகைனுவும் கைடோவும் நேருக்கு நேர் வந்தால் யார் நிற்பார்? யோன்கோ நாலு பேரில் யார் டம்மி? அது ஓய்ந்தால் அணி பிரிப்பு. நீ வைக்கோல் தொப்பியா, புரட்சிப் படையா, கடற்படையா? கடற்படை என்று எவனாவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவன் காலி.

இந்தச் சண்டை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஓடா எயிச்சிரோ 1997 ஜூலையில் தொடங்கி இன்னும் வரைந்துகொண்டிருக்கிற கதையிலிருந்து நமக்குக் கிடைத்தது ஒரு பலப் பட்டியல் மட்டும்தான் என்றால், படத்தை ம்யூட்டில் போட்டுப் பார்த்தவர்கள் நாம். யார் பெரிய ஆள் என்பது அந்தக் கதையின் மேல்தோல். யார் யாருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதுதான் அதன் எலும்பு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கொள்ளையனையும் கடற்படைக்காரனையும் பிரிப்பது ஒரு கடுதாசி. குணமோ பலமோ எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்தக் கடுதாசியை எழுதுகிற கை யாருடையது என்று கேட்காமல் அணி பிரிப்பவர்கள், கடுதாசி எழுதியவனுக்குத்தான் வேலை செய்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள ஜப்பானுக்குப் போகவேண்டியதில்லை. நான் இருக்கிற சதுரங்கப்பட்டினமே போதும்.

*

படிக்காதவர்களுக்காக நாலு வரி. அந்த உலகத்தில் கடல்தான் எல்லாம். கடலை ஆள்வது உலக அரசு. அதன் உச்சியில் டென்ரியூபிட்டோ என்கிற பிரபுக் குடும்பங்கள். மனிதர்களை விலைக்கு வாங்கிச் சங்கிலி போட்டு இழுத்துப்போகிறவர்கள். அவர்களைக் காப்பது கடற்படை. எதிரில் கொள்ளையர்கள், அவர்களில் மிகப் பெரிய நால்வருக்கு யோன்கோ என்று பெயர். இதையெல்லாம் கவிழ்க்க நினைப்பது புரட்சிப் படை. நடுவில் ஷிச்சிபுக்காய் என்று ஏழு பேர். அரசாங்கமே அனுமதி கொடுத்து வைத்திருக்கிற கொள்ளையர்கள். கொள்ளையில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுத்துவிட்டால் அவர்கள் தலைக்கு விலை கிடையாது.

இந்த ஏழு பேரைத்தான் நம் ஆட்கள் 'பவர் கம்மி' என்று தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தக் கதைக்கும் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. க்ராக்கடைலை எடுத்துக்கொள்ளுங்கள். அலபாஸ்டா என்ற பாலைவன நாட்டில் ஜனங்கள் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். கொள்ளையர்களை விரட்டும் வீரன் என்று. அவனோ மறைவில் மழையைத் திருடி, பழியை ராஜாவின் மேல் போட்டு, ஊரை ஊரோடு மோதவிட்டு நாட்டைக் கைப்பற்றப் பார்க்கிறான். அவனை அடித்து வீழ்த்துவது லூஃபி. அரசாங்கம் என்ன செய்கிறது? வீழ்த்தியது கடற்படை அதிகாரி ஸ்மோக்கர் என்று அறிவித்து, அவருக்குப் பதவி உயர்வும் கொடுக்கிறது. நாட்டைக் காப்பாற்றியவனின் தலைவிலையை ஏற்றிவிடுகிறது. எல்லாம் காகிதத்தில் நடக்கிற வேலை. குத்து விட்டது ஒருத்தன், பேர் இன்னொருத்தனுக்கு.

பலப் பட்டியல் போடுகிறவர்களுக்கு நான் வைக்கிற ஒரே கேள்வி நிகோ ராபின். எட்டு வயதுப் பெண் குழந்தை. அவள் தலைக்கு 7 கோடியே 90 லட்சம் பெல்லி. ஆறு போர்க்கப்பலை மூழ்கடித்தாள் என்று போஸ்டரில் போடுகிறார்கள், அப்பட்டமான பொய். அவள் செய்த குற்றம், படிக்கத் தெரிந்தது. ஒஹாரா தீவின் அறிஞர்கள் போனிகிளிஃப் என்ற கல்வெட்டுகளைப் படித்து, அரசு அழித்துவைத்த நூறு வருஷத்து வரலாற்றைத் தோண்டினார்கள். தீவே எரிக்கப்பட்டது. அகதிகள் ஏறின கப்பலையும் விடாமல் சுட்டார்கள். தப்பித்தது அந்தக் குழந்தை ஒன்றுதான். அவள் தலைக்கு வைத்த விலை அவள் பலத்தின் அளவு இல்லை. அரசாங்கத்தின் பயத்தின் அளவு. தலைவிலையை ஸ்கோர் கார்டு மாதிரிப் படிக்கிறவர்கள், அரசாங்கம் அடித்துக்கொடுத்த போஸ்டரை அப்படியே நம்புகிறவர்கள்.

*

இப்போது எங்கள் ஊர்.

சம்புவராயர் காலத்தில் ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர். பிறகு சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரன் வாயில் சட்ராஸ். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டி, கடலைப் பார்த்தபடி ஒரு செங்கல் கோட்டை நிற்கிறது. டச்சுக்காரன் கட்டியது. உள்ளே 17, 18-ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகள். கல்லில் அழகாகச் செதுக்கின எழுத்து, பெயர், தேதி, சித்திர வேலைப்பாடு. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஈ.சி.ஆர். வழியாக வருகிற கூட்டம் போட்டோ எடுத்துவிட்டுப் போகும். 'செம்ம லொகேஷன்' என்பார்கள். அவ்வளவுதான் கோட்டைக்கு இன்றைக்குக் கிடைக்கிற மரியாதை.

அந்தக் கோட்டையைக் கட்டியவன் யார்? வியாபாரியா, கடற்படையா, கொள்ளையனா? மூன்றும்தான். அவன் கையில் ஒரு கடுதாசி இருந்தது. 1602-இல் டச்சு நாடாளுமன்றம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த சாசனம் அது. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே அந்தக் கம்பெனி கோட்டை கட்டலாம், படை வைக்கலாம், போர் தொடுக்கலாம், ராஜாக்களோடு ஒப்பந்தம் போடலாம். லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பங்கு உண்டு. ஷிச்சிபுக்காய்க்கு இதைவிடப் பொருத்தமான அசல் எங்கே கிடைக்கும்?

கடுதாசி வந்த மறுவருஷமே, 1603-இல், கம்பெனியின் கப்பல் தலைவன் ஹேம்ஸ்கெர்க் சிங்கப்பூர் அருகே 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கீசியக் கப்பலை மடக்கிப் பிடித்தான். சரக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்குப் போனது. பல லட்சம் கில்டர் வசூல். இது கொள்ளைதானே என்று அங்கேயே சிலர் முனகினார்கள். கம்பெனி ஒரு இளம் வழக்கறிஞரைப் பிடித்தது. ஹூகோ குரோஷியஸ். அவர் எழுதின வாதத்தின் ஒரு பகுதிதான் 1609-இல் 'சுதந்திரக் கடல்' என்ற பொருள் தரும் லத்தீன் தலைப்பில் வெளியான நூல். இன்றைக்கும் சர்வதேசச் சட்ட வகுப்பில் மூல நூல் என்று அதைச் சொல்லித்தருகிறார்கள். முதலில் கொள்ளை, அப்புறம் சட்டம். வரிசையைக் கவனியுங்கள்.

அதற்கு நூறு வருஷம் முன்பே போர்த்துக்கீசியன் வேறொரு வித்தை காட்டியிருந்தான். இந்தியப் பெருங்கடலில் எந்தக் கப்பல் போனாலும் அவனிடம் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடிக்கலாம், எரிக்கலாம். ஆயிரம் வருஷமாக யாரிடமும் கேட்காமல் ஓடின கடலில் ஒரே நாளில் எல்லோரும் சட்டவிரோதிகள். நம் பாட்டிமார் லெட்டரைக் 'கடுதாசி' என்பார்களே, அந்தச் சொல்லே போர்த்துக்கீசியன் வழியாக நமக்கு வந்ததுதான். இன்றைக்கு நமக்கு அது பாசமான சொல். கடலில் அது கழுத்துக் கயிறு.

சீட்டு வாங்க மறுத்தவர்களுக்கு என்ன பெயர்? கொள்ளையன். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். போர்த்துக்கீசியன் ஏட்டில் அவர்கள் கொள்ளையர். நான்காம் குஞ்ஞாலியைக் கடைசியில் மடக்கியது யார் தெரியுமா? போர்த்துக்கீசியரோடு கைகோத்த அதே சாமூதிரி. 1600-இல் அவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். மராட்டியரின் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேவுக்கும் ஆங்கிலக் கம்பெனி வைத்த பெயர் கொள்ளையன்தான். அந்தப் பக்கம் பிரான்சிஸ் டிரேக், ஸ்பெயின்காரனுக்குக் கொள்ளையன், இங்கிலாந்துக்கு 1581-இல் சர் பட்டம் வாங்கின வீரன். ஓடா தன் கதையில் எக்ஸ் டிரேக் என்று ஒருவனை வைத்திருக்கிறார். கடற்படையிலிருந்து ஓடிப்போய்க் கொள்ளையனான ஆள், உள்ளுக்குள் இன்னும் கடற்படை ஒற்றன். அந்தப் பெயரை அவர் தூக்கத்தில் வைக்கவில்லை.

ஓடா ஒரு நாள் இந்த ஏழு பேரின் அனுமதியையும் ரத்து செய்தார். நாடுகள் கூடி ஓட்டுப் போட்டன. அன்று காலை வரை அரசின் கூட்டாளியாக இருந்தவனைப் பிடிக்க அன்று மாலையே கடற்படை கிளம்பியது. நிஜ உலகில் அது நடந்தது 1856-இல், பாரிஸ் பிரகடனத்தில். அதற்குள் ஐரோப்பிய அரசுகளின் சொந்தக் கடற்படைகள் பெருத்துவிட்டன. உரிமம் பெற்ற கொள்ளையன் தேவைப்படவில்லை.

*

"ப்ரோ, ஓடாவுக்குச் சட்ராஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நீங்கள்தான் இழுக்கிறீர்கள்" என்பார்கள். தெரிய வேண்டாம். சட்ராஸுக்கு ஜப்பான் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

வானோ பகுதியைப் படித்திருப்பீர்கள். கதவை அடைத்துக்கொண்ட நாடு, சாமுராய்கள், வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. அசல் ஜப்பானும் அப்படித்தான் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஐரோப்பியரில் டச்சுக்காரனுக்கு மட்டும் 1641 முதல் நாகசாகியில் தெஜிமா என்ற சின்னத் தீவில் இடம் கொடுத்தார்கள். அந்த வாசல் வழியாக உள்ளே போன சரக்கில் நம் கரைத் துணியும் உண்டு. ஜப்பானியர் ஒரு வகைக் கோடு போட்ட பருத்தித் துணியைச் 'சந்தோமே' என்றே சொன்னார்கள். நம் மயிலாப்பூர் சாந்தோம்தான் அது. எதிர்த்திசையில் ஜப்பானியச் செம்பைக் கம்பெனி சோழமண்டலக் கரையில் கொண்டுவந்து விற்றது. நடுவில் தலைமையகம் பட்டேவியா, இன்றைய ஜகார்த்தா. சட்ராஸ், பட்டேவியா, நாகசாகி எல்லாம் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்த பெயர்கள்.

அந்தக் கணக்கில் ரத்தமும் உண்டு. சோழமண்டலத் துணியைக் கொடுத்தால்தான் இந்தோனேசியத் தீவுகளில் வாசனைப் பொருள் கிடைக்கும். நம் தறியின் மேல்தான் கம்பெனியின் மிளகும் கிராம்பும் ஓடின. ஜாதிக்காய் விளைந்த பாண்டா தீவுகளில் ஜனங்கள் கம்பெனிக்கு மட்டும் விற்க மறுத்தபோது, 1621-இல் யான் பீட்டர்சோன் கூன் படையோடு போனார். தீவுத் தலைவர்கள் நாற்பது பேருக்கு மேல் தலை வெட்டப்பட்டார்கள். மக்களில் பெரும்பகுதி கொல்லப்பட்டது, பட்டினியில் செத்தது, அடிமையாக ஏற்றப்பட்டது. தலையை வெட்டின கூலிப்படையினர் யார்? கம்பெனி சம்பளத்துக்கு வைத்திருந்த ஜப்பானிய வீரர்கள். ஒஹாரா எரிவதைப் பார்த்துக் கண்கலங்கும் நாம், பாண்டா என்று ஒரு தீவு இருந்தது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தோம்?

டென்ரியூபிட்டோவின் அடிமைச் சந்தையைப் பார்த்து 'ச்சே, என்ன ஜென்மங்கள்' என்கிறோம். இந்தக் கரையிலிருந்தும் டச்சுக் கம்பெனி ஆட்களை ஏற்றியது. பஞ்சம் வந்தால் விலை இறங்கும். விலை இறங்கினால் கப்பல் வரும். 1659 முதல் 1661 வரை பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் போனார்கள். அவர்களுக்குச் சூரியச் சின்னம் குத்திவிட ஃபிஷர் டைகர் வரவில்லை.

கோட்டையின் கொடியோ மாறிக்கொண்டே இருந்தது. 1781-இல் ஆங்கிலேயன் பிடித்தான். 1782 பிப்ரவரி 17-ஆம் தேதி இதே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. சட்ராஸ் போர் என்று சரித்திரத்தில் பெயர். 1818-இல் கோட்டை டச்சுக்காரனுக்கே திரும்பியது. 1825-இல் ஒப்பந்தப்படி மறுபடி ஆங்கிலேயனுக்கு. இத்தனை அணி மாற்றத்திலும் தறியில் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன மாறியது? முன்பணம் கொடுக்கிற கை மாறியது.

*

ஒரு இலக்கியக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் மாங்காவைப் பற்றிச் சொன்னது: "அதெல்லாம் பசங்க சமாச்சாரம்ப்பா." கைதட்டு வேறு. 1972-இல் முத்து காமிக்ஸ் வந்ததிலிருந்து இரும்புக்கை மாயாவியை ஒளித்துவைத்துப் படித்து வளர்ந்த தலைமுறை இப்படிப் பேசுவது வேடிக்கை. அதே 1972-இல்தான் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வெளியானது. மேடானில் டச்சு ஆட்சி போய் ஜப்பானியப் படை நுழைகிற இடத்தில் தொடங்கும் தமிழ் நாவல். கொடிகள் மாறுகிற துறைமுகத்தில் ஒரு தமிழன் எந்த அணியில் நிற்பான் என்ற கேள்வியைத் தமிழில் அவ்வளவு கூர்மையாகக் கேட்ட நாவல்கள் குறைவு. அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள், அதே கேள்வியைப் படம் போட்டுக் கேட்டால் பசங்க சமாச்சாரம் என்கிறார்கள். படம் என்றால் இளப்பம், அவ்வளவுதான் காரணம்.

இந்தப் பக்கம் நம் ரசிகர்களும் சளைத்தவர்கள் இல்லை. 'நல்ல அணி' ஒன்றைத் தேடிப்பிடித்து அதற்கு உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டால் நிம்மதி. ஓடா அந்த நிம்மதியைக் கொடுப்பதே இல்லை. கார்ப் கடற்படை வீரர், அவர் மகன் டிராகன் புரட்சிப் படைத் தலைவன், பேரன் லூஃபி கொள்ளையன். ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று அணி. மீன்மனிதர்களைப் பாருங்கள். அவர்கள் மனிதர்களால் வேட்டையாடப்பட்டு விற்கப்பட்டவர்கள். ஃபிஷர் டைகர் வெறுங்கையால் செங்குத்துப் பாறை ஏறிப்போய் அடிமைகளை விடுவித்தபோது மனிதர்களையும் சேர்த்தே விடுவித்தார். அவர் கூட்டத்திலிருந்தே வந்த ஆர்லாங், நாமியின் கிராமத்தில் தலைக்கு இவ்வளவு என்று மாசாமாசம் வரி பிடுங்கினான். அதற்கு உடந்தையாகக் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடியது ஒரு கடற்படை அதிகாரி. அடிபட்டவன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தன் அடிக்கமாட்டான் என்று ஓடா எங்கேயும் எழுதித் தரவில்லை. தமிழ்ச் சூழலில் சாதியைப் பற்றி, இயக்கங்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு அத்தியாயத்தை மனதில் வைத்துப் பேசினாலே பாதிச் சண்டை உருப்படியாக நடக்கும்.

கடுதாசி வைத்திருப்பதாலும் தப்பிக்க முடியாது. டச்சுக் கம்பெனியின் டச்சுப் பெயரின் முதலெழுத்து வி.ஓ.சி. நமக்கும் ஒரு வி.ஓ.சி. உண்டு. வ.உ.சிதம்பரனார் 1906-இல் சட்டப்படி பதிவுசெய்து சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். ஒரு சீட்டும் குறைவில்லை. வெள்ளைக் கம்பெனியோடு போட்டி முற்றியது. 1908-இல் அவர் கைக்கு வேறொரு கடுதாசி வந்தது. ராஜத்துரோகம், இரட்டை ஆயுள் தண்டனை. ஷிச்சிபுக்காய் பட்டத்தை எழுதின கையே அதைக் கிழிக்கவும் செய்யும் என்று அலபாஸ்டா படித்தவனுக்குச் சொல்லித் தரவேண்டுமா?

*

2025-இல் அந்த வைக்கோல் தொப்பிக் கொடி புத்தகத்தை விட்டு வெளியே வந்தது. இந்தோனேசியாவின் 80-ஆவது சுதந்திர தினத்துக்கு முன்னால் லாரிகளிலும் வீடுகளிலும் மண்டையோட்டுக் கொடி பறந்தது. நாட்டைப் பிளக்கப் பார்க்கிறார்கள் என்று அரசியல் தலைவர்கள் கத்தினார்கள். கவனியுங்கள், ஊர் ஜகார்த்தா. நம் துணி போய் இறங்கின அதே பட்டேவியா. செப்டம்பரில் காட்மண்டு, சமூக ஊடகத் தடைக்கு எதிராகத் தெருவுக்கு வந்த பிள்ளைகள், சிங்க தர்பார் எரிந்தபோது அதன் வாசல் கேட்டில் அதே கொடியைக் கட்டினார்கள். எழுபது பேருக்கு மேல் செத்தார்கள். மடகாஸ்கரில் மண்டையோட்டுக்கு உள்ளூர்த் தொப்பியை மாட்டினார்கள்.

அந்தக் கொடி ஒரு பெரிய பதிப்பகத்தின் சொத்து, டி-ஷர்ட்டில் அச்சடித்துக் காசாக்குகிற சரக்கு, இதில் என்ன புரட்சி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். 2022-இலேயே 50 கோடிப் பிரதியைத் தாண்டின தொடர் இது; ஏழைகளின் கைப்பிரதி இல்லை. ஆனால் சரக்கு என்பதால் பொருள் செத்துவிடுமா? காட்மண்டுப் பையனுக்கு அந்தக் கதையிலிருந்து கிடைத்தது ராயல்டி கணக்கு இல்லை. எனீஸ் லாபியில் லூஃபி உலக அரசின் கொடியை எரிக்கச் சொல்வது நாற்காலியைப் பிடிக்க இல்லை. தன்னைக் குற்றவாளி என்று இருபது வருஷம் நம்பவைக்கப்பட்ட ராபினுக்கு, அந்தக் கடுதாசி செல்லாது என்று காட்டத்தான். வாழ்வதற்கு ஆசைப்படவே அவள் வாய் திறந்தது அதற்குப் பிறகுதான். கொடியைக் கட்டின பிள்ளைகள் இதைச் சரியாகப் படித்திருக்கிறார்கள். பலப் பட்டியல் போடும் நம்மைவிடச் சரியாக.

அதே சமயம் ஓடாவை நான் சும்மா விடுவதாக இல்லை. கொடி எரிந்த பிறகு அடுத்த கடுதாசியை யார் எழுதுவது என்ற இடத்தில் அவர் நழுவுகிறார். அலபாஸ்டாவில் கலகம் முடிந்ததும் பழைய ராஜாவே நல்லவர். டிரெஸ்ரோசாவில் விரட்டப்பட்ட ராஜாவே திரும்பி வருகிறார். வானோவில் கொஸூகி வாரிசுப் பையன் ஷோகன் ஆகிறான். ஜனங்கள் அழுகிறார்கள், விருந்து நடக்கிறது, கப்பல் அடுத்த தீவுக்குக் கிளம்பிவிடுகிறது. கொடுங்கோலனை அடிக்க நூறு அத்தியாயம் எடுத்துக்கொள்கிற கதை, மறுநாள் காலையில் வரி யார் வசூலிப்பார் என்று ஒரு பக்கம் வரையாது. பரம்பரை ரத்தத்தின் மேல் இருக்கிற இந்த நம்பிக்கைக்கு நாம் எளிதில் விழுகிறோம். காரணம், சோழன் புலிக்கொடியை பைக்கில் ஒட்டிக்கொண்டு திரிகிற ஊர் நம்முடையது. நேபாளத்தில் கொடி கட்டினவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அடுத்த பிரதமர் யார் என்று அவர்களே உட்கார்ந்து பேசவேண்டி வந்தது. கதை விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடங்கினார்கள்.

நமக்கும் அந்த வேலை பாக்கி. ஓடாவின் கப்பல்களில் டிரேக் இருக்கிறான், பானி இருக்கிறாள், டீச் இருக்கிறான். எல்லாம் ஐரோப்பியக் கொள்ளையர் பெயரின் சாயல். குஞ்ஞாலி இல்லை, ஆங்கரே இல்லை, பாண்டாவின் தலைவர்கள் இல்லை. அதற்கு அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அவருக்குக் கிடைத்த புத்தகங்களில் அந்தப் பெயர்கள்தான் இருந்திருக்கும். நம் பெயர்களை நாம் எழுதவில்லை.

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் கல்லில் பெயர் இருக்கிறவர்கள் எல்லாம் கம்பெனிக்காரர்கள். செங்கல் சுமந்தவன், துணி நெய்தவள், பஞ்சத்தில் கப்பல் ஏற்றப்பட்ட குழந்தை, இவர்களில் ஒருத்தருக்கும் அங்கே கல் கிடையாது. அவர்களைத் தேடவேண்டிய இடம் ஹாலந்தில் இருக்கும் கம்பெனி ஆவணங்கள். சரக்குப் பட்டியலில் எண்ணிக்கையாக இருப்பார்கள். ராபினுக்கு அந்தக் கல்லைப் படிக்கத் தெரிந்தது என்பதற்காகத்தான் ஒரு உலகமே அவளைத் துரத்தியது. நம்மை யாரும் துரத்தவில்லை. டச்சு மொழி கற்றுக்கொள்ளத் தடை இல்லை, ஆவணங்களைப் பார்க்கத் தலைவிலை இல்லை, மாங்கா வரையத் தாளும் டேப்லெட்டும் மலிந்து கிடக்கின்றன. ஜோரோ எத்தனையாவது இடம் என்று ராத்திரி ரெண்டு மணி வரை தட்டச்சு செய்கிற பொறுமையில் பத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால், சட்ராஸ் தறிக்காரி ஒருத்தி பட்டேவியாவில் கரையிறங்குகிற முதல் பக்கத்தை இந்த வருஷமே யாராவது வரைந்துவிடலாம். வரையுங்கள். சண்டைக் காட்சி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.